சுத்தம் செய்த தண்ணீரை எங்கே விடுவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சான் ஹோசேவிலிருந்து:

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் கெட்டுப்போன நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலையில் பல வருடம் இருந்தேன். பழைய சிப் தொழிற்சாலைகளின் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் கசிந்த இடங்கள் அவை. தண்ணீரை இறைத்து, ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக விட்டால் கரைப்பான் கரியில் ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் குடிநீர் அளவை எட்டியாச்சு.

எனக்குக் கிடைத்த முதல் தளத்தில் நிமிடத்துக்கு 50 கேலன் இறைத்தோம். ஒரு நாளைக்கு 2.7 லட்சம் லிட்டர். நம்ம ஊர் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 22 லோடு. சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்த எனக்கு, 'இதை எங்கே விடப் போகிறோம், கணக்குப் போடு' என்று மேலாளர் சொன்னபோதுதான் உறைத்தது.

மழைநீர் வடிகாலில் விட்டால் ஓடை வழியாக சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போய்விடும். தண்ணீருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அனுமதி, மாதிரி எடுப்பது, லேப் செலவு எல்லாம் பம்ப் ஓடும் காலம் முழுக்க உண்டு, அது இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். இன்னொரு சங்கடம் செம்பு. குடிநீரில் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வரை பொறுப்பார்கள், மீன் வாழும் ஓடையில் சில மைக்ரோகிராம்தான். நிலத்தடியில் இயற்கையாக இருக்கும் செம்பைப் பிடிக்க அந்தக் கரி போதாது.

பாதாளச் சாக்கடையில் விடுவது சுலபம், ஆனால் ஒவ்வொரு கேலனுக்கும் காசு. அதோடு சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீர் அதிகமாகப் போய் விரிகுடா ஓரத்து உப்புச் சதுப்பு நிலமே மாறிவருகிறது என்று, கோடையில் நாளைக்கு 12 கோடி கேலனுக்கு மேல் போகாமல் அப்போது பார்த்துக்கொண்டார்கள். நல்ல தண்ணீரும் கெடுதல் செய்யும் என்று நான் கற்றது அங்கேதான்.

என் மனம் மூன்றாவது வழியில்தான் இருந்தது: கிணறு வழியாகப் பூமிக்கே திருப்பி அனுப்புவது. அளவில்லாமல் இறைத்ததால் 1970-க்குள் சான் ஹோசே நகரின் நடுப்பகுதி 13 அடி கீழே இறங்கிய ஊர் அது. ஆனால் இரும்பும் சுண்ணாம்பும் படிந்து கிணறு அடைத்துக்கொள்ளும், திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். இடம் தவறினால் மாசையே பக்கத்து நிலத்துக்குத் தள்ளிவிடும். கடைசியில் ஓடைதான் என்று முடிவானது. நான் போட்ட அட்டவணையில் அந்தத் தண்ணீருக்கென்று ஒரு விலை இல்லவே இல்லை. 2014 வறட்சியில் ஊரே புல்வெளியைக் காயவிட்டபோது, நாளைக்கு 22 லோடு கடலுக்குப் போவதைப் பார்த்து மனசு ஆறவில்லை.

திருப்பூரிலிருந்து:

எங்களுக்குத் தண்ணீர் பிரச்சினையே இல்லை, உப்புதான். எங்கள் தோட்டம் நொய்யல் கரையில். சாயத் தண்ணீர் இறங்கி கிணறு உப்பாகி, தென்னை காய்ப்பை நிறுத்தியதைச் சின்ன வயதில் பார்த்தேன். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்றாகிவிட்டது. ஆர்.ஓ.வில் வரும் நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிச்சமாகும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சும் செலவுதான் பட்டறைக்காரரை அழுத்துகிறது. அப்புறமும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோவது? மழை பெய்தால் எனக்கு அந்த ஷெட் ஞாபகம்தான்.

ஜப்பானிலிருந்து:

2011-இல் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் உலைக் கட்டடங்களுக்குள் நிலத்தடி நீர் கசிந்து கெட்டுப்போகிறது. சுத்தம் செய்தாலும் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் போகாது. 2016-இல் அரசுக் குழு ஐந்து வழிகளுக்கு விலை போட்டது. கடலில் விட அதிகபட்சம் 340 கோடி யென், ஆவியாக்க 3,490 கோடி, கான்கிரீட்டாக்கிப் புதைக்க 24,310 கோடி. கடல்தான் மலிவு என்று தெரிந்தது. 2023 ஆகஸ்ட் 24-இல் விடத் தொடங்கினார்கள், அன்றே சீனா ஜப்பானிய மீன் இறக்குமதியை நிறுத்தியது. அதற்கு முன்பே மீனவர்களுக்காக அரசு ஒதுக்கிய இரண்டு நிதிகள் 3,000 கோடி யென்னும் 5,000 கோடி யென்னும். டிரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே வரும்படி நீர்த்துத்தான் விடுகிறார்கள், அறிவியல் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் மீன் வாங்கும் கடைக்காரர் அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு மீனும் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று கையால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அந்த வாரம் 340 கோடிக்குள் எங்கே இருக்கிறது?