ஒரே கிளெய்ம், இரண்டு முடிவு, இரண்டிலும் என் கையெழுத்து

காயில்காரன்:
மோட்டார் தயாரிக்கும் நிறுவனத்தில் வாரண்டி கிளெய்ம் பார்க்கிறேன். என்னோடு சேர்த்து நாலு பேர். எரிந்த மோட்டாரின் படங்களும் சர்வீஸ் ரிப்போர்ட்டும் வரும். மாற்றித் தரலாமா கூடாதா என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

போன மாதம் ஒரு டீலர் தவறுதலாக ஒரே மோட்டாருக்கு இரண்டு தடவை கிளெய்ம் அனுப்பிவிட்டார். நடுவில் 18 நாள் இடைவெளி. முதலாவதில் "தயாரிப்புக் குறை, மாற்றித் தரவும்". அடுத்ததில் "உபயோகித்தவர் தவறு, நிராகரிக்கவும்". எவன் இப்படி எழுதியது என்று கோபமாகத் திறந்து பார்த்தால், இரண்டிலும் என் கையெழுத்து.

முதலாவது, காலையில் வந்ததும் பார்த்தது. இரண்டாவது மாதக் கடைசி, மாலை ஆறரை மணி. கிளெய்ம் செலவு எகிறிவிட்டதென்று அன்று மீட்டிங்கில் நன்றாக வாங்கிக் கட்டியிருந்தேன்.

"இனிமேல் நாலு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்" என்கிறார் மேலாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. வேறு வழி யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய அண்டர்ரைட்டர்:
பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் பக்கம் மற்ற மூவரும் சாய்வார்கள், அதுவும் அவர் சீனியராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுத்த வாரம் வேறொருவர் முதலில் பேசினால் அதே கேஸுக்கு வேறு முடிவு வரும்.

முடிந்துபோன கிளெய்ம்களில் இருபதை எடுத்து, முடிவை மறைத்து, நாலு பேருக்கும் கொடுங்கள். தனித்தனியாக எழுதட்டும். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் இதைத்தான் செய்தார்கள். ஒரே கேஸுக்கு இரண்டு அண்டர்ரைட்டர்கள் (காப்பீடு கேட்பவரின் ஆபத்தை எடைபோட்டு பிரீமியம் நிர்ணயிப்பவர்கள்) போடும் தொகை எவ்வளவு வேறுபடும் என்று மேலதிகாரிகளைக் கேட்டபோது, 10 சதவீதம் போல இருக்கும் என்றார்கள். சோதித்துப் பார்த்தால் வேறுபாட்டின் நடுமதிப்பு 55 சதவீதம். அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

வைண்டிங் மாஸ்டர்:
கடைசியில் ஒரு படிவம் அச்சடித்து, டிக் அடி என்பார்கள். அதற்கு என் பதினைந்து வருட அனுபவம் எதற்கு? எரிந்த காயிலை முகர்ந்தே சொல்லிவிடுவேன்.

இரவு ஷிப்ட்:
நான் மகப்பேறு வார்டு நர்ஸ். எங்களிடமும் அப்படி ஒரு படிவம் உண்டு. பிறந்த குழந்தையைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1952-ல் வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருத்துவர் ஐந்து விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்: நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, தசை முறுக்கு, மூச்சு. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. பிறந்த முதல் நிமிடத்தில் ஒரு தடவை, ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை. மாஸ்டர், இதனால் எங்கள் அனுபவம் வீணாகவில்லை. துடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கவே கை பழக வேண்டும். பார்ப்பதை முதலில் முடித்துவிடுகிறோம், முடிவு அப்புறம். கண்டதும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதற்கு ஒத்துப்போவதுதான் கண்ணில் படும்.

காயில்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இருபது கோப்புகளையும் கொடுத்துப் பார்த்தோம். நாலு பேரும் ஒன்றாகச் சொன்னது ஒன்பதில்தான். நடுவில் இரண்டு கோப்புகளை நம்பர் மாற்றி மறுபடி சொருகியிருந்தாள் எங்கள் ஜூனியர் பெண், யாருக்கும் சொல்லாமல். அதில் ஒன்றில் நான் திரும்பவும் கட்சி மாறியிருந்தேன். மாஸ்டர், எனக்கும் சர்வீஸ் பதினான்கு வருடம்.

குழப்பம் எல்லாக் கோப்பிலும் இல்லை. மூன்று பேஸும் (மோட்டாருக்குள் இருக்கும் மூன்று சுருள் தொகுதிகள்) ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது குறைந்த வோல்டேஜ். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லைனில் ஒரு பேஸ் அறுந்த நிலையில் ஓடியிருந்தால் ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் எரியும், டெல்டாவில் ஒன்று (இரண்டும் சுருள்களை இணைக்கும் முறைகள்). அங்கேயும் பெரிய சண்டை இல்லை. ஒரே இடத்தில் புள்ளி மாதிரி சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகியிருந்தால்தான் ஆளுக்கொரு பேச்சு. சுருளில் பூசிய வார்னிஷ் சரியில்லை என்பார் ஒருவர், லைனில் வோல்டேஜ் பாய்ந்திருக்கும் என்பார் இன்னொருவர்.

இப்போது ஒரு தாள் போட்டிருக்கிறோம். எந்த பேஸ், எரிந்த இடம் ஸ்லாட்டுக்கு (சுருள் உட்காரும் பள்ளம்) உள்ளேயா வெளியேயா, பேரிங் சுற்றுகிறதா, தண்ணீர்த் தடம் உண்டா, ஓவர்லோடு ஆனால் மோட்டாரை நிறுத்தும் ரிலே எவ்வளவில் செட் செய்திருந்தது. இதை எழுதி முடித்த பிறகே முடிவுக் கட்டம். புள்ளி ஷார்ட் என்றால் மட்டும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுகிறோம். ஒத்துப்போகாவிட்டால் மோட்டாரையே வரவழைத்துப் பிரித்துப் பார்ப்பது.

போன மூன்று மாதத்தில் புள்ளி ஷார்ட் என்று நிராகரித்த கோப்புகள் 31 கிடக்கின்றன. பழசைக் கிளற வேண்டாம் என்கிறார் மேலாளர். மதிய இடைவேளையில் தினம் இரண்டாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இதுவரை பார்த்த ஆறில் இரண்டு, கொடுத்திருக்க வேண்டியவை. அந்த டீலர்களிடம் எப்படிச் சொல்வது?