யாரும் கோடைத் தொடவில்லை, சிஐ மட்டும் விழுகிறது: நோட் பதிப்புச் சிக்கல்

தெம்பனிஸ்காரன் | 4 நவம்பர் 2024
வணக்கம். சமூக மன்றத்தில் நடக்கும் துணைப்பாட வகுப்புக்குப் பெயர் பதியும் செயலியை நாங்கள் மூன்று தொண்டூழியர்கள் சேர்ந்து செய்துவருகிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் வரை எல்லாம் சரியாக ஓடியது. இன்று ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினேன், சிஐ (கோடை அனுப்பியதும் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) விழுந்துவிட்டது. பெட்டர்-எஸ்க்யூலைட்3 என்ற தரவுத்தள நூலகம் ஏறும் இடத்தில் பிழை: நோட்_மாட்யூல்_வெர்ஷன் 115-க்குக் கம்பைல் ஆனதாம், இந்த நோட்டுக்கு (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) 127 வேண்டுமாம். என் மேக்கில் நோட் 20.18.0, ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரைக் கேட்டால் "ஏதோ 18" என்கிறார். சனிக்கிழமை பதிவு திறக்கிறது, பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டது. எங்கே தேடுவது?

ஈரக்காற்று
115 என்றால் நோட் 20, 127 என்றால் நோட் 22. 20-க்குக் கட்டிய பைனரியை 22 திறக்கப் பார்க்கிறது. சிஐ கோப்பில் பதிப்பை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? நிறுவிய நூலகங்கள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸை கேச் செய்கிறீர்களா, அதாவது அடுத்த முறைக்குச் சேமித்து வைக்கிறீர்களா?

தெம்பனிஸ்காரன்
வெறும் "எல்டிஎஸ்" (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்றுதான் இருக்கிறது. கேச் உண்டு, அதன் கீ (எந்த கேச் என்று காட்டும் அடையாளம்) லாக் கோப்பின் ஹாஷ் மட்டும், அதாவது நூலகப் பதிப்புகளைக் குறித்துவைக்கும் அந்தக் கோப்பு மாறினால்தான் கீ மாறும். கேச் கிடைத்துவிட்டால் இன்ஸ்டால் நடக்காது.

ஈரக்காற்று
அப்போ அதுதான் தம்பி. அக்டோபர் 29 அன்று 22.11.0 எல்டிஎஸ் ஆகிவிட்டது. சிஐ அதை எடுத்துக்கொண்டது. லாக் கோப்பு மாறாததால் 20-இல் கட்டிய பழைய கேச் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நோட் பதிப்பை மாற்றித்தரும் கருவியான என்விஎம் படிக்கும் .என்விஎம்ஆர்சி கோப்பில் 20.18.0 என்று முழு எண்ணையும் எழுதுங்கள். சிஐ அந்தக் கோப்பைப் படித்தே பதிப்பை எடுக்கட்டும். கேச் கீயில் நோட் பதிப்பையும் சேருங்கள். இந்த வாரம் 22-க்குத் தாவ வேண்டாம், 20-க்கு 2026 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. சனிக்கிழமை நல்லபடியாக முடியட்டும், அப்புறம் மூன்று பேரும் ஒரே நாளில் மாறுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி
விண்டோஸ் நண்பரை விட்டுவிடாதீர்கள். என்விஎம்-விண்டோஸ் வேறொரு திட்டம், .என்விஎம்ஆர்சி-யைத் தானாகப் படிக்காது. எஃப்என்எம் என்ற இன்னொரு கருவி மேக்கிலும் விண்டோஸிலும் அதே கோப்பைப் படிக்கும். பேக்கேஜ்.ஜேசனில் என்ஜின்ஸ் என்று தேவையான நோட் பதிப்பை எழுதினால் மட்டும் போதாது, நூலகங்களை நிறுவும் என்பிஎம் எச்சரித்துவிட்டு மேலே போய்விடும். எங்கள் குழுவில் அந்த எச்சரிக்கையை மாதக்கணக்கில் யாருமே படிக்கவில்லை. என்பிஎம்-இன் அமைப்புக் கோப்பான .என்பிஎம்ஆர்சி-யில் என்ஜின்-ஸ்ட்ரிக்ட்=ட்ரூ போடுங்கள், தவறான பதிப்பில் இன்ஸ்டாலே நின்றுவிடும்.

தெம்பனிஸ்காரன் | 5 நவம்பர்
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கீயை மாற்றியதும் சிஐ பச்சையாகிவிட்டது. நண்பரோடு திரையைப் பகிர்ந்து பார்த்தேன். எஃப்என்எம் போட்ட பிறகும் அவருக்கு 18 என்றே காட்டியது. எடிட்டருக்குள் பழைய டெர்மினல் திறந்தே கிடந்திருக்கிறது! எடிட்டரையே மூடித் திறந்ததும் 20.18.0 வந்தது. நோட்_மாட்யூல்ஸை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தார், ஓடுகிறது. செயலியைப் பொதியாக்கும் டாக்கர் கோப்பிலும் "எல்டிஎஸ்" என்றே இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.