மறு: கோசா மக்களின் ‘இசிடூக்கோ’வுக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் மூதாதையைக் கொண்டு வழிவழியாகத் தாங்கும் பெயர்தான் ‘இசிடூக்கோ’. நம் சொற்பட்டியலுக்கு அதன் தமிழ்ச்சொல்லைத் தேடுகையில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘சாதிப்பெயர்’ என்றே எழுதிவிடலாமே? ஃபேஸ்புக்கில் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்வது இங்கும் உண்டுதானே?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. சாதிப்பெயர் மேல் கீழ் சொல்லும். இசிடூக்கோ அப்படியல்ல, இன்ன மூதாதையின் வழி வந்தவர் என்று மட்டுமே அது சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவை ‘மடிபா’ என்று அழைத்தது செல்லப்பெயரால் அல்ல, இசிடூக்கோவால். ‘மண்டேலா’ அவருடைய தாத்தாவின் பெயர், பிறகு குடும்பப் பெயரானது. ‘மடிபா’ அதற்கும் முந்தைய, கோசா மொழி பேசும் தெம்பு மக்களின் அரசர் ஒருவருடையது. ஒருவரை இந்தப் பெயரால் விளிப்பதுதான் கோசா மரபில் மரியாதை. 2013 டிசம்பரில் அவர் மறைந்தபோது ட்விட்டரில் நிறைந்ததும் இந்தப் பெயர்தான்.

ஒரே இசிடூக்கோ உடையவர்கள் உடன்பிறந்தார் போல, மணம் முடிப்பதில்லை. எனவே ‘கோத்திரம்’ பொருந்தும் என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சொல்லோடு முனிவர்களும் சடங்குகளும் கூடவே வந்துவிடும். கொங்கு நாட்டுக் ‘கூட்டம்’ மிக அருகில் வருகிறது, அங்கும் ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை. ஆனால் ‘கூட்டப்பெயர்’ என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு விளங்காது. தென்மாவட்டங்களில் சில சமூகங்களின் ‘கிளை’ தாய்வழியில் செல்வது; இசிடூக்கோ தந்தைவழியில் வருவது.

‘கால்வழிப்பெயர்’ என்பது என் பரிந்துரை. கால்வழி என்றாலே வம்சம், சந்ததி. புதிதாகக் கட்டிய சொல் அல்ல, எந்தச் சாதியின் வாடையும் அதில் இல்லை.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பட்டமளிப்புப் படத்தின் கீழும் பிறந்தநாள் வாழ்த்திலும் மூதாதையர் பெயர்களை ‘மடிபா, ட்லோமோ, யெம்யெம், சோபிட்ஷோ’ என்று அடுக்கி எழுதுகிறார்கள். பதிவு முழுக்க ஆங்கிலமாக இருந்தாலும் அந்த வரி கோசாவில்தான் இருக்கும். நகரத்தில் பிறந்த பிள்ளைகள் தம் மொழியை விட்டுவிடவில்லை என்பதற்கு எனக்கு அந்த ஒரு வரி போதும். முன்னோரை அழைக்கும் சடங்கிலும் இதே வரிசை ஓதப்படுவதால், ‘வாழ்த்து’ என்பதைவிடக் ‘கால்வழிப் போற்றி’ பொருத்தம்.

மணமான பெண்ணும் தன் தந்தையின் கால்வழிப்பெயரை இழப்பதில்லை. ட்லாமினி கால்வழிப் பெண் புகுந்த வீட்டிலும் ‘மாட்லாமினி’தான், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் தம் கணக்கின் பெயராகவும் அதையே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பெண்ணைக் குறிக்க முன்னால் சேரும் இந்த ‘மா’வை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.