மறக்க முடியாத மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு: செய்முறையோடு பகிருங்கள்

பாளையங்கோட்டைக்காரி

சாப்பிட்டதிலேயே சிறந்தது எது என்று கேட்டால் திருநெல்வேலிப் பக்கத்தில் யோசிக்காமல் வரும் பதில் சொதிச் சாப்பாடு. சொதி என்பது தேங்காய்ப்பாலில் காயும் பாசிப்பருப்பும் சேர்த்து வைக்கும் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பேர் உண்டு. சைவ வேளாளர் வீடுகளில் இது இல்லாமல் மறுவீடு நிறையாது. முதல் நாள் முகூர்த்தச் சாப்பாட்டில் இலை நிறைய கறி இருக்கும், ஆனால் வருஷக்கணக்காகப் பேசுவது மறுநாள் இலையைப் பற்றித்தான். அந்த இலையில் இருப்பதோ சுடுசோறு, சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குக் காரக்கறி, அப்பளம், அவ்வளவே. ஒன்றுக்கொன்று துணையாக நிற்பவை என்பதால் ஒன்று பிசகினாலும் சாப்பாடே மந்தமாகிவிடும்.

4 பேருக்குத் தாராளமான அளவு சொல்கிறேன்.

எல்லாம் தேங்காயில்தான் ஆரம்பம். நன்றாக முற்றிய நடுத்தரக் காய் 2 வேண்டும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கணும். இளங்காயில் பால் வரும், சாரம் இருக்காது. கொப்பரையாகத் தொடங்கிய காயில் எண்ணெய் வாடை அடிக்கும். துருவும்போது சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோல் விழாமல் நிறுத்திக்கொள்ளுங்கள், அது கலந்தால் சொதி அழுக்கு நிறமாகிவிடும்.

துருவலில் வெதுவெதுப்பான தண்ணீர் 1 டம்ளர் (200 மில்லி) ஊற்றி, மிக்ஸியில் விட்டு விட்டு மூன்று சுற்று சுற்றித் துணியில் பிழிந்தால் முதல் பால். அதே சக்கையில் 1½ டம்ளர் ஊற்றி இரண்டாம் பால், 2 டம்ளர் ஊற்றி மூன்றாம் பால். மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் பிழியவே கூடாது. தேங்காயின் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாதிச் சாரம் சக்கையோடு போய்விடும்.

பாசிப்பருப்பு 75 கிராம், குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். சிலர் வறுத்துப் போடுகிறார்கள். வறுத்த வாசம் தேங்காய்ப்பாலை அமுக்கிவிடும் என்பதால் எனக்கு அது உடன்பாடில்லை. பச்சை மிளகாய் 7, இஞ்சி ஒரு அங்குலத் துண்டு இரண்டையும் சேர்த்து நைஸாக அரைத்து வையுங்கள். இந்தக் குழம்பின் காரம் முழுக்க அவ்வளவுதான். மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி, புளி மூன்றுக்கும் இதில் இடமில்லை.

ஒரு ஸ்பூன் நெய்யில் சின்ன வெங்காயம் 20, பூண்டு 12 பல், இரண்டையும் முழுசாகவே போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். சிவந்தால் சொதியின் நிறம் கெடும். கேரட் 100 கிராம், பீன்ஸ் 10, உருளைக்கிழங்கு 2, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, முருங்கைக்காய் 1. வதக்கியதில் மூன்றாம் பாலை ஊற்றி, பச்சை மிளகாய் அரைத்ததும் உப்பும் சேர்த்து, முதலில் உருளையையும் கேரட்டையும் போடுங்கள். 5 நிமிஷம் கழித்து பீன்ஸ், பட்டாணி. முருங்கைக்காய் கடைசியில், இல்லாவிட்டால் பிளந்து நார் நாராக மிதக்கும். காய் வெந்ததும் மசித்த பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து ஒரு கொதி வரட்டும்.

இனி அடுப்பை நன்றாகக் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்றி, அடியிலிருந்து மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் பாசிமணி மாதிரி சின்னக் குமிழ்கள் கட்டும், நடுவில் அசைவே இருக்காது. அதுதான் பதம், உடனே இறக்கிவிட வேண்டும். நடுவிலும் குமிழ் வெடித்தால் கை தப்பிவிட்டது என்று அர்த்தம். கரண்டியைத் தூக்கினால் முதுகில் மெல்லிய வெள்ளைப் பூச்சு நிற்கணும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். ஆறவிட்டு ஒரு எலுமிச்சம்பழச் சாறு.

தென்காசி_ராஜா

அக்கா சொதியை முழுசாகச் சொல்லிவிட்டீர்கள். துவையல் என் பங்கு. தேங்காய்ப்பாலும் பருப்பும் நெய்யும் சேர்ந்த குழம்பு வயிற்றில் கனமாக உட்காரும், அதற்கு மருந்தாகத்தான் இஞ்சி இலைக்கு வந்தது.

இஞ்சி 100 கிராம். தோல் மினுங்குகிற, ஒடித்தால் நார் நீட்டாத இஞ்சியாகப் பாருங்கள். தோலைச் சீவி, நாருக்குக் குறுக்கே மெல்லிய வட்டமாக நறுக்கணும். நீளவாக்கில் நறுக்கினால் எவ்வளவு அரைத்தாலும் துவையலில் நார் நிற்கும், அது பல்லில் மாட்டும். நல்லெண்ணெய் 2 ஸ்பூனில் உளுத்தம்பருப்பு 2 ஸ்பூன், காய்ந்த மிளகாய் 6 வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இஞ்சியைப் போட்டு விளிம்பு சுருங்கும்வரை வதக்குங்கள். 6, 7 நிமிஷம் ஆகும். இதில் அவசரப்பட்டால் பச்சை இஞ்சி தொண்டையைப் பிடிக்கும், குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தத் துவையலைச் சாப்பிட்டவர்கள்தான். நெல்லிக்காய் அளவு புளி, அதில் பாதி அளவு வெல்லம், தேங்காய்த் துருவல் 2 ஸ்பூன், உப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்கணும். இலையில் ஓடினால் அது சட்னி.

மதுரை_மீனாட்சி

ஒரு சந்தேகம் அக்கா. அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிகிறோம், அப்படியும் சில நேரம் ரவை ரவையாகத் திரிந்து மேலே எண்ணெய் மிதக்கிறதே, எதனால்?

பாளையங்கோட்டைக்காரி

அணைத்ததும் சூடு போய்விடாதும்மா. தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் கொழுப்புத் துளிகள் மிதக்கும் கலவை. துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். 80 டிகிரி வாக்கில் அந்தப் புரதம் கட்டிவிடும், பிடி விட்டதும் கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே வரும். நீங்கள் பார்த்த ரவை அந்தப் புரதம்தான். புளிப்பும் இதே வேலையைச் செய்யும். சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தப்பிக்க வழியில்லை. வீட்டு அளவுக்கு இறக்கி 10 நிமிஷம் பொறுங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் கை வைத்து இரண்டு மூன்று நொடி தாங்க முடிந்தால் சாறு ஊற்றலாம். கனத்த அடியுள்ள பாத்திரமென்றால் இறக்கியவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொரு காரணம் பருப்பு குறைவு. மசித்த பருப்பின் மாவுதான் பாலைத் தாங்கி நிற்கிறது, பருப்பைக் குறைத்தால் திரிவதற்குத் தோது. முதல் பாலில் அரை ஸ்பூன் பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் கூடுதல் காவல்.

திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். காயை அரித்து எடுத்துவிட்டு, ஆறிய சாற்றை மட்டும் ஒரு ஸ்பூன் அரிசி மாவோடு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித் திரும்ப ஊற்றி, கொதிக்கவிடாமல் சூடாக்குங்கள். முழு ருசி திரும்பாது, இலையில் போடும்படி இருக்கும்.

யாழ்_பனங்காடு

எங்கட சொதிக்கும் உங்கட சொதிக்கும் பேர் ஒண்டு, ஆள் வேற. யாழ்ப்பாணத்தில சொதி விருந்துக்கு மட்டும் உரியதில்லை, காலமையும் இரவும் இடியப்பத்துக்கு ஊத்திற தண்ணிக் குழம்பு. பருப்புப் போட்டுக் கெட்டியாக்கிறதில்லை. கடைசியாப் பிழியிற பாலைக் கப்பிப்பால் எண்டு சொல்லுறது. அதில வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள் கொஞ்சம், உப்புப் போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்க விடவேணும். பிறகு முதற்பாலை விட்டு அகப்பையால துழாவிக்கொண்டே நிக்கவேணும். நுரைச்சு எழும்பப் பாக்கேக்க இறக்கி, கொஞ்சம் ஆறினாப் பிறகு தேசிக்காய்ப் புளி, உங்கட எலுமிச்சம்பழச் சாறு, விடுங்கோ. வெந்தயம் கூடினால் கைக்கும், இதுதான் புதுசாச் சமைக்கிற ஆக்கள் விடுற பிழை. பக்கத்தில இடிச்ச சம்பல் இருந்தால்தான் இது சாப்பாடு. உங்களுக்கு இஞ்சித் துவையல் செய்யிற வேலையை எங்களுக்குச் சம்பல் செய்யுது.

தவசுப்பிள்ளை_மகன்

100 இலைக்குச் செய்பவர்களுக்கு: வீட்டுக் கணக்கை அப்படியே 25 ஆல் பெருக்காதீர்கள். பின்னால் ரசம், மோர் வருவதால் தேங்காய் 45 போதும். பாசிப்பருப்பு 2 கிலோ, உருளை 4 கிலோ, கேரட் 2½ கிலோ, பீன்ஸ் 2 கிலோ, உரித்த பட்டாணி 2 கிலோ, சின்ன வெங்காயம் 3 கிலோ, பூண்டு 1 கிலோ, முருங்கைக்காய் 25. பச்சை மிளகாய் மட்டும் அரை கிலோவில் நிறுத்தி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். ஏறின காரத்தைச் சொதியில் இறக்க முடியாது.

அண்டாவில் பெரிய ஆபத்து தங்கும் சூடு. 30 லிட்டர் சொதி இறக்கி அரை மணி நேரம் ஆனாலும் நடுவில் கொதிப்பதுபோல இருக்கும். அதனால் முதல் பாலை விறகை இழுத்துவிட்டு, தணலில் மட்டும் ஊற்றுங்கள். எலுமிச்சையை அண்டாவில் பிழியவே வேண்டாம். பரிமாறும் 10 லிட்டர் வாளியில் மொண்டு, ஒரு வாளிக்கு 10 பழம் என்று பிழிந்து கலக்கிப் பந்திக்கு அனுப்புங்கள். ஒரு வாளி திரிந்தாலும் மற்ற இரண்டு தப்பும். அண்டாவை இறுக மூடவும் கூடாது. ஆவி உள்ளேயே நின்று முருங்கைக்காய் கரைந்துவிடும். ஈரத்துணி போட்டு மூடினால் போதும்.

மதியத்துக்கு வைத்த சொதியை இரவுப் பந்திக்கு எடுக்காதீர்கள். தேங்காய்ப்பால் நம் ஊர் வெயிலுக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

டொராண்டோ_வாசி

நல்ல தேங்காய் கிடைக்காத ஊர்களில் டின் பால் கைகொடுக்கும். 400 மில்லி டின் ஒன்று 4 பேருக்குக் காணும். குலுக்காமல் திறந்து, மேலே நிற்கும் கெட்டியை முதல் பாலாக எடுத்துவையுங்கள். அடியில் உள்ளதை 3 டம்ளர் தண்ணீரில் கலந்தால் காய் வேகவைக்கும் பால். நிலைநிறுத்தும் பசை சேர்த்த டின்களில் இப்படிப் பிரியாது, அவை கொதித்தாலும் சுலபத்தில் திரியாது. ஆனால் பிழிந்த பாலின் மணம் அவற்றில் குறைவு. உறைய வைத்த துருவல் அதைவிட மேல். அதை முழுசாக இளக்கி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் 10 நிமிஷம் ஊறப்போட்டுப் பிழியுங்கள். ஐஸ் பிடித்தபடியே மிக்ஸியில் போட்டால் கொழுப்பு வெண்ணெய் மாதிரி உருண்டு பிளேடில் ஒட்டிக்கொள்ளும்.

தென்காசி_ராஜா

காரக்கறியை யாரும் சொல்லவில்லையே. அரை கிலோ உருளையை அரை அங்குலச் சதுரமாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து உடனே வடித்து, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் ஒட்டிக்கொண்டு மசியும். இரும்புச் சட்டியில் எண்ணெய் 4 ஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, கிழங்கைப் போட்டு ஓரம் மொறுமொறுவென்று ஆனபிறகு மிளகாய்ப்பொடி 1½ ஸ்பூன், மஞ்சள்பொடி கொஞ்சம். பொடியை முதலிலேயே போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் கருகிக் கசக்கும். இஞ்சித் துவையலில் காரம் ஏற்கனவே இருப்பதால் இதில் பூண்டு, மசாலா எதுவும் வேண்டாம்.

மதுரை_மீனாட்சி

கையைப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்து, 12 நிமிஷம் கழித்துப் பிழிந்தேன் அக்கா. திரியவில்லை. மிச்சத்தை மறுபடி சூடாக்க வழி உண்டா?

பாளையங்கோட்டைக்காரி

நேரடி அடுப்பு வேண்டாம். எலுமிச்சை சேர்ந்துவிட்டதால் சூடு ஏறியதும் திரியும். அகலமான பாத்திரத்தில் வெந்நீரை வைத்து அதற்குள் சொதிக் கிண்ணத்தை இறக்கிக் கிளறுங்கள். பருப்பு இறுகியிருக்கும், கால் டம்ளர் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை இரவுக்குத் தேவையானதை எலுமிச்சை பிழியும் முன்பே தனியாக மொண்டு, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவில் ஆப்பத்துக்கு ஊற்ற அது நன்றாக இருக்கும்.