பத்து பெரிங்கி மாலைப் படம்: பாறை கறுக்கிறது, வானம் வெளுக்கிறது

வணக்கம் நண்பர்களே. பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரைக்கு மூன்று வாரமாக மாலையில் முக்காலியோடு போகிறேன். நேரில் நெஞ்சை அள்ளும் காட்சி படத்தில் தட்டையாகிவிடுகிறது.

24 மி.மீ. அகலக்கோண லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100. முதலில் எடுத்தவற்றில் கீழ்ப்பாதி முழுக்க வெறும் மணல். நேற்று ஒரு கருங்கல் பாறைக்கு முன்னால் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அரை விநாடி ஷட்டர் வைத்தேன். அலை பின்வாங்கும்போது நுரை பாறையைச் சுற்றி நூல் நூலாக இழுபட்டது. ஈர மணலில் வானத்தின் ஆரஞ்சு அப்படியே இறங்கியிருந்தது. எனக்குப் பிடித்த ஒரே படம் அதுதான். ஆனால் பாறை கறுத்து, வானம் வெளுத்துவிட்டது.

இதற்கு ஜிஎன்டி ஃபில்டர் (மேல்பாதி கறுப்பாகி வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி) வாங்கலாமா, இல்லை கேமராவில் வெவ்வேறு வெளிச்ச அளவு வைத்து மூன்று படம் எடுத்து இணைக்கலாமா? அலை நகர்வதால் நுரை இரட்டையாகத் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், இடது ஓரத்துச் சாய்ந்த தென்னை அடிவானத்தை வெட்டுகிறது. அதை அப்படியே படத்தில் விடலாமா?

கடற்கரை வடக்கு நோக்கியது. இந்த ஜூன் வாக்கில்தான் சூரியன் கடல் பக்கம் சாயும், டிசம்பரில் மலைப் பக்கம் போய்விடும். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பெரிதாக அச்சிட்டுத் தர ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.