புதுப்பிப்பு: ஒலிநூலில் அடிக்குறிப்பை எங்கே வாசிப்பது?
நகரத்தார் கோயில் வரலாற்று நூலை ஒலிநூலாக்கும்போது அடிக்குறிப்புகளை எங்கே வாசிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். காரைக்குடியில் பதிவு முடிந்தது, இப்படித்தான் வைத்தோம்.

எண் வரும் இடத்தில் நிறுத்தக் கூடாது, வாக்கியம் முடியட்டும். பிறகு "அடிக்குறிப்பு" என்று தொடங்கி "குறிப்பு முடிந்தது" என்று மூடவும். மூடாவிட்டால் குறிப்பும் நூலின் அடுத்த வரியாகிவிடும். பக்க எண் மட்டுமே உள்ள அடிக்குறிப்புகளை இயல் முடிவில் வாசிக்கவும்.

நீண்ட மேற்கோளுக்குக் குரல் மாற்றம் மட்டும் போதாது. பார்வையற்ற வாசகர் பலர் வேகத்தைக் கூட்டிக் கேட்பார்கள், அதில் ஏற்ற இறக்கமும் இடைவெளியும் கரைந்துவிடும். "மேற்கோள்", "மேற்கோள் முடிவு" என்று வாய்விட்டே சொல்லுங்கள். கல்வெட்டு வரிகளை, "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்ற தொடக்கத்திலிருந்தே, அச்சில் உள்ளபடி வாசிக்கவும். எழுத்துக்குப் பதில் புள்ளிகள் இட்ட இடத்தில் "எழுத்து சிதைந்துள்ளது" என்று சொல்லவும்.

செட்டிநாட்டு வீட்டின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) பதியாதீர்கள், ஆத்தங்குடி சிமெண்ட் ஓடு பதித்த தரை எதிரொலிக்கும். துணி அடுக்கிய உள்ளறையே மேல்.