மறு: ‘டெம்பரரி வேர்க்ஸ்’ – தற்காலிக வேலையா, துணைக்கட்டா?

வணக்கம்.

கட்டட வேலையில் வரும் ‘டெம்பரரி வேர்க்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை, ‘தற்காலிக வேலைகள்’ என்றே நம் கலைச்சொற் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒள்ளுப்பம் பொறுங்கள். மட்டக்களப்பில் ஒருவரிடம் ‘தற்காலிக வேலை’ என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கந்தோரில், எத்தனை மாதத்துக்கு, பிறகு நிரந்தரமாக்குவார்களா என்றுதான் கேட்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்காகக் கட்டும் வேறு கட்டுகள்தான் இவை. சாரம், கொங்கிறீற்றுக்கு அடிக்கும் பலகை, பலகையைத் தாங்கும் முண்டு, அத்திவாரக் குழி சரியாமல் இறக்கும் இரும்புத் தகடு, கிரேன் நிற்கும் அடித்தளம் எல்லாம் இதற்குள் வரும். பிரித்தானிய நியமமான பி.எஸ். 5975, வேலை முடிந்தபின் இவை அகற்றப்படலாம், அகற்றப்படாமலும் இருக்கலாம் என்றே வரையறுக்கிறது. வாவிக்கரை மணலில் இறக்கிய தகட்டை இழுத்தால் பக்கத்து மதில் போய்விடும் என்று மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டால், அது தற்காலிகமா? ஆங்கிலச் சொல்லிலேயே ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையையும் சேர்த்தா தமிழாக்க வேண்டும்?

எனக்கு இந்தச் சொல்லில் கோபம் வந்த நாள் ஒன்று உண்டு. கல்முனைப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம். மூன்றாம் தட்டுக்கு, அதாவது மூன்றாம் மாடித் தளத்துக்கு, கொங்கிறீற்று போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாம் தட்டுக்குக் கீழே நின்ற முண்டுகளில் பாதியை, வேறு இடத்துக்குத் தேவை என்று மேற்பார்வையாளர் கழட்டிவிட்டார். கேட்டதற்கு, “தற்காலிகந்தானே சேர், ஒரு நாளைக்கு ஒண்டும் ஆகாது” என்றார்.

கணக்கைப் பாருங்கள். கொங்கிறீற்று கனமீற்றருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ. 15 சென்ரிமீற்றர் தடிப்பான தட்டு என்றால், சதுர மீற்றருக்கு 375 கிலோ. பலகையும் ஆட்களும் வேறு. அதைச் சுமக்கப்போகும் கீழ்த்தட்டோ, குடியிருப்புப் பாவனைக்கென்று சதுர மீற்றருக்கு 150, 200 கிலோ அளவுக்கு வடிவமைக்கப்படுவது. கொங்கிறீற்று இறுகி 28 நாளில் எட்டவேண்டிய பலத்தை அன்றைக்கு அது எட்டியிருக்கவும் இல்லை. அதனால்தான் ஒரு மாடிக்குக் கீழே அடுத்த மாடிக்கும் முண்டு கொடுத்துப் பாரத்தைப் பகிர்கிறோம். மேலே ஊற்றுகிற கொங்கிறீற்றுக்குக் கீழ்மாடி முண்டு எதற்கு என்று பார்வைக்குத் தோன்றும். விபத்து வருகிற இடமும் அதுதான்.

வேலையை நிறுத்தினோம். ஓடாவி (தச்சர்) கீழே போய், மிஞ்சி நின்ற முண்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். பாரம் ஏறியவை இறுக்கமாகச் சத்தம் போட்டன. இரண்டு மட்டும் சத்தமே இல்லாமல் ஆடின. அவற்றின் ஆப்பு நழுவிக் கிடந்தது. கழட்டியவற்றைத் திருப்பி நிறுத்தி இறுக்கியபோது இருட்டிவிட்டது. தட்டு விழவில்லை. அடியில் மயிரளவு வெடிப்பு மட்டும் ஓடியிருந்தது.

இங்கிலாந்தில் 1972இல் லொடன் ஆற்றுக்கு மேல் பாலம் கட்டும்போது இந்தத் தாங்கு அமைப்பு சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். இப்படியான தாங்கு அமைப்புகளை ஆராய்ந்த பிராக் குழுவின் அறிக்கை 1975இல் வந்தது. 1982இல் மேலே சொன்ன நியமம் முதன்முதலாக வெளியானது. கழட்டப்போகிற சாமான்தானே என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது.

ஆகவே காலத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லும் சொல் வேண்டும். என் முன்மொழிவு ‘துணைக்கட்டு’. துணைக்கட்டு வடிவமைப்பு, துணைக்கட்டு வரைபடம், துணைக்கட்டு ஒருங்கிணைப்பாளர் என்று தடங்கல் இல்லாமல் நீளும். துணைக்கட்டடம் என்பதோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள். கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தளத்தில் ஒரு கிழமை பழகினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னை நண்பர் தந்த ‘பொய்க்கட்டு’ எனக்கு உடன்பாடில்லை. கொங்கிறீற்று இறுகும்வரை அதைத் தாங்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஃபோல்ஸ்வேர்க்’கை அப்படியே பெயர்த்தால் பொய்க்கால் குதிரைதான் நினைவுக்கு வரும். 375 கிலோவைத் தாங்குவதில் என்ன பொய்? அதற்கு முண்டுக்கட்டு போதும். முண்டு என்றால் கேரள வேட்டி என்று சிரிக்கிறீர்கள். எங்கள் ஊரில் சாரம் என்றாலும் உடுக்கிற சாரம்தான். அதற்காக யாரும் சாரம் கட்டி மதில் பூசாமல் விட்டதில்லை. இங்கே அரசாங்கத்துக்கே முண்டு கொடுக்கிறார்கள். சொல் எல்லாருக்கும் விளங்கும்.

கீழ்மாடியில் நிற்கும் முண்டுக்குத்தான் இன்னும் முடிவில்லை. ‘அடிமுண்டு’ என்று எழுதினால், முண்டின் அடிப்பகுதி என்று ஓடாவி எடுத்துக்கொள்கிறார், கேட்டே பார்த்துவிட்டேன். ‘கீழ்மாடி முண்டு’ நீளம், ஆனால் பிழைபட வழியில்லை. அந்த நாளை நினைத்தால் நான் நீளமானதற்கே வாக்களிப்பேன். உங்களிடம் சின்னதாக வேறு இருந்தால் எழுதுங்கள்.